நிலம் கொட்டிக் கிடக்கிறது, மனைதான் இல்லை: கனடாவின் வடகோடியில் வீட்டுக்கு இடம் தேடும் கதை

கேள்வி இதுதான்: "கனடாவின் நுனாவுட் பகுதி இந்தியாவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பெரியது. மக்கள்தொகையோ நம் ஊர் நகராட்சி ஒன்றின் அளவுகூட இல்லை. அங்கே வீடு கட்ட இடம் இல்லை என்று செய்தி வருகிறதே, அது எப்படி? அரசு கொஞ்சம் நிலம் ஒதுக்கிவிட்டு, தொழிற்சாலையில் செய்த ஆயத்த வீடுகளைக் கப்பலில் கொண்டுபோய் இறக்கினால் தீர்ந்துவிடாதா?"

கேட்டவர் கிண்டலாகக் கேட்கவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். வரைபடத்தைப் பார்க்கிற யாருக்கும் இது தோன்றும். 2021 கணக்கெடுப்பின்படி நுனாவுட்டில் 36,858 பேர். அவர்கள் 25 ஊர்களில் வாழ்கிறார்கள். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு ரோடு கிடையாது. விமானம் உண்டு, கோடையில் சில மாதங்கள் கப்பல் உண்டு. மக்களில் பாதிக்கு மேல் அரசு வாடகை வீடுகளில் இருக்கிறார்கள். அந்த வீடுகளிலும் தாத்தா பாட்டி, மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் என்று முறை வைத்துத் தூங்குகிற நிலை சாதாரணம். காசநோய் இன்னும் அங்கே பரவுவதற்கு இந்த நெரிசல் ஒரு முக்கியக் காரணம் என்று மருத்துவர்கள் பல வருடங்களாகச் சொல்லி வருகிறார்கள்.

சரி, இடத்துக்கு வருவோம். ஊருக்குள் இருக்கும் நிலத்தின் பெரும்பகுதி ஏற்கெனவே அந்தந்த ஊராட்சியின் கையில்தான் இருக்கிறது. 'ஒதுக்க' வேண்டிய வேலையே பெரிதாக இல்லை. இல்லாதது மனை. அங்கே மனை என்றால் நான்கு கல் நட்ட துண்டு நிலம் அல்ல. அடியில் அசையாத தரை வேண்டும். தண்ணீர் லாரி வந்து குழாயை நீட்டிவிட்டுத் திரும்பிப் போக ரோடு வேண்டும். கழிவுநீரை உறிஞ்சிக்கொண்டு போகும் லாரிக்கும் அதே ரோடு வேண்டும். மின்கம்பம் வேண்டும், ஜூனில் உருகும் பனி ஓடிப்போக வழி வேண்டும். இதெல்லாம் சேர்ந்தால்தான் மனை. இதைத் தயாரிக்க வருடக்கணக்கில் ஆகிறது, பணமும் நிறைய ஆகிறது. ஆனால் அரசியல்வாதிகளின் அறிவிப்புகள் எப்போதும் வீட்டைப் பற்றித்தான் இருக்கும். என் கருத்தில் வடக்கின் வீட்டுப் பிரச்சினையில் பாதி இந்த வரிசைக் குழப்பம்தான்.

முதலில் ஊர்கள் ஏன் அங்கே இருக்கின்றன என்று பாருங்கள். அங்குள்ள பழங்குடிகளான இனுயிட் மக்கள் வேட்டைக்கேற்ப இடம் மாறி வாழ்ந்தவர்கள். 1950களிலும் 60களிலும்தான் பெரும்பாலோர் நிலையான ஊர்களுக்குள் கொண்டுவரப்பட்டார்கள். அந்த ஊர்களின் இடத்தைத் தீர்மானித்தவை வேறு தேவைகள். தலைநகர் இக்காலுயிட் 1942இல் அமெரிக்க விமானப்படைத் தளமாகத் தொடங்கியது. ராங்கின் இன்லெட் 1957 முதல் 1962 வரை ஓடிய நிக்கல் சுரங்கத்துக்காக வந்த ஊர். பாங்னிர்டங் 1921இல் ஹட்சன் பே கம்பெனி வைத்த வியாபாரக் கடையைச் சுற்றி வளர்ந்தது. ரெசல்யூட்டில் முதலில் வானிலை நிலையம் இருந்தது; 1953இல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கிலிருந்த இனுக்ஜுவாக்கிலிருந்து குடும்பங்களைக் கப்பலில் கொண்டுவந்து அங்கே இறக்கினார்கள். அதற்காகக் கனடா அரசு 2010இல் முறைப்படி மன்னிப்புக் கேட்டது. இந்த இடங்களைத் தேர்ந்தெடுத்தபோது கப்பல் நிற்குமா, விமானம் இறங்குமா, கனிமம் கிடைக்குமா என்று பார்த்தார்கள். எழுபது வருடம் கழித்து ஐந்நூறு வீடு கட்ட இடம் இருக்குமா என்று பார்க்கவில்லை.

பார்த்துக் கட்டிய ஊரும் ஒன்று உண்டு. நுனாவுட்டுக்கு மேற்கே, வடமேற்குப் பிரதேசங்களில் உள்ள இனுவிக். மெக்கன்சி ஆற்றின் கழிமுகத்தில் இருந்த அக்லாவிக் ஊர் வெள்ளத்தில் மூழ்குவதும் பனிக்கட்டி நிறைந்த வண்டல்மண்ணில் அமிழ்வதுமாக இருந்தது. அதனால் 1950களில் மாற்று இடம் தேடினார்கள். கிராவல் கிடைக்க வேண்டும், ஓடுதளம் போட இடம் வேண்டும், படகு வர ஆற்றுக்கால் வேண்டும் என்று நிபந்தனை வைத்துப் பல இடங்களை ஆராய்ந்து ஒன்றைத் தேர்ந்தார்கள். 1961இல் பிரதமர் டீஃபென்பேக்கர் வந்து ஊரைத் திறந்து வைத்தார். அப்புறம்? அக்லாவிக்கில் பலர் கிளம்பவே இல்லை. 'சாகவே மாட்டோம்' என்கிற மாதிரி ஒரு வாசகத்தை ஊரின் முழக்கமாக வைத்துக்கொண்டு இன்றும் அங்கேயே இருக்கிறார்கள். நல்ல மண்ணைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி தேவையில்லை.

இனி தரை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எல்லாச் செலவும் இங்கேதான் பிறக்கிறது.

வடக்கில் நிலம் வருடம் முழுக்க உறைந்தே இருக்கும். இதை நிரந்தர உறைநிலம், பெர்மாஃப்ராஸ்ட் என்கிறோம். மேலே ஓர் அடுக்கு மட்டும் கோடையில் இளகி, குளிர்காலத்தில் மறுபடி உறையும். அடியில் பாறையோ கிராவலோ இருந்தால் கவலை இல்லை, இளகினாலும் பெரிதாக அமிழாது. களிமண்ணோ வண்டலோ இருந்தால் அதற்குள் பனிக்கட்டி தகடு தகடாக இருக்கும். மண்ணைவிடப் பனிக்கட்டி அதிகமாக இருக்கிற இடங்களும் உண்டு. அது உருகினால் தரை உள்வாங்கும், ஒரே சீராகவும் உள்வாங்காது. வீட்டின் ஒரு மூலை இறங்கும், கதவு சாத்தாது, குழாய் உடையும்.

இதில் இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. பனியுகப் பனிப்பாளங்களின் பாரம் நீங்கியதால் ஹட்சன் விரிகுடாவைச் சுற்றியுள்ள நிலம் இன்றும் மெல்ல மேலே எழும்பிக்கொண்டிருக்கிறது. அதாவது கடலோர ஊர்கள் பலவும் ஒரு காலத்தில் கடலடியாக இருந்த மண்ணில் நிற்கின்றன. அந்தக் களிமண்ணில் உப்பு இருக்கும். உப்பு இருந்தால் சுழியத்துக்குக் கீழேயும் முழுசாக உறையாது. அங்கே வீட்டுக்கு இரும்புக்குழாய்த் தூண்களைத் துளையிட்டு இறக்கி, சுற்றிலும் மணற்குழம்பு ஊற்றுவார்கள். அது உறைந்து தூணைப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடிதான் வீட்டைத் தாங்குகிறது. உப்பு மண்ணில் பிடி தளரும். ஆகவே தூணை இன்னும் ஆழமாக இறக்க வேண்டும் அல்லது பாறைவரை போய் அதற்குள் பொருத்த வேண்டும். துளைபோடும் எந்திரம் ஊருக்கு ஒன்று இருக்காது. அது கப்பலில் வந்து, வேலை முடித்து, அடுத்த கப்பலில் போகும். ஒரு தவணை தவறினால் ஒரு வருடம் போச்சு.

மனை போடும்போதும் நம் வழக்கம் அங்கே செல்லாது. புல்டோசர் விட்டு மேல்மண்ணைச் சீவிச் சமப்படுத்துவது முதல் பாவம். அந்தப் பாசியும் புல்லும்தான் கீழேயுள்ள கட்டியைக் கோடை வெயிலிலிருந்து காக்கின்றன. எதையும் வெட்டாமல், மேலே கிராவலைக் கொட்டி ஒரு மேடை கட்ட வேண்டும். கொட்டுவதிலும் ஒரு தர்மசங்கடம். குளிர்காலக் கடைசியில் கொட்டினால் அடிநிலம் உறைந்தபடியே பத்திரமாக இருக்கும், ஆனால் உறைந்த கிராவலை ரோலர் விட்டு இறுக்க முடியாது. கோடையில் கொட்டினால் நன்றாக இறுகும், ஆனால் லாரிகள் ஈரத் தரையைக் குதறிவிடும். அனுபவமுள்ள ஒப்பந்தக்காரர்கள் இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டு, ஒரு பருவம் ஆறவிட்டு, அப்புறம்தான் வீட்டுக்குக் கொடுப்பார்கள். அவசரக்காரர்கள் அதே கோடையில் தூண் நட வருவார்கள்.

தரையைச் சரியாகப் படிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வட கியூபெக்கில் உள்ள சாலுயிட் ஊரைச் சொல்லலாம். செங்குத்தான மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கில் இருக்கும் ஊர். இடப் பற்றாக்குறையால் புதிய குடியிருப்பைச் சரிவோரமாக விரித்தார்கள். 1998இல், கோடையின் கடைசியில், இளகிய மேலடுக்கு அடியிலுள்ள வழுக்கும் கட்டிமேல் அப்படியே சறுக்கி இறங்கியது. புதிதாகக் கட்டிய வீடுகளை அங்கிருந்து இடம் மாற்ற வேண்டியதாயிற்று. ஊரையே வேறிடத்துக்குக் கொண்டுபோகலாமா என்கிற பேச்சுவரை போனது. லவால் பல்கலைக்கழகத்தின் மிஷேல் அலார்ட் குழு வருடக்கணக்கில் அங்கே துளையிட்டு, வெப்பம் அளந்து, எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்று வரைபடம் போட்டுக் கொடுத்தது. ஊர் அங்கேயே இருக்கிறது, வளரவும் செய்கிறது. அந்த வரைபடம் வீடுகளுக்கு முன்பே வந்திருந்தால் எவ்வளவு மிச்சமாகியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நல்ல தரை கிடைத்தாலும் அதில் வீடு வர விடாத சட்டங்களும் உண்டு, நியாயமான சட்டங்கள்தான். குப்பைமேட்டிலிருந்து 450 மீட்டருக்குள் குடியிருப்பு கூடாது. விமான ஓடுதளத்தின் பக்கவாட்டிலும் முனைகளிலும் உயரக் கட்டுப்பாடு உண்டு. குடிநீர் ஏரியின் வடிநிலத்தைத் தொடக்கூடாது. கல்லறையும், முன்னோர் கூடாரம் அடித்த கல்வட்டங்கள் போன்ற தொல்லியல் இடங்களும் அப்படியே. கிராவல் இருக்கும் மேடுதான் வீட்டுக்கு நல்ல இடம். அதையேதான் ஓடுதளம் போட எடுத்துவிட்டார்கள், மீதியை குவாரியாகத் தோண்டுகிறார்கள். பாங்னிர்டங்கில் ஒரு பக்கம் ஃபியோர்ட் எனும் ஒடுங்கிய கடல்கால், மறுபக்கம் மலை, ஊருக்கு நடுவே ஓடுதளம். 2008 ஜூனில் ஊரைக் கடக்கும் ஆற்றில் வெள்ளம் வந்து கரையின் உறைநிலத்தை அரித்துப் பாலங்களைச் சேதப்படுத்தியது. ஆற்றுக்கு அப்பால் இருந்த குடிநீர்த் தேக்கத்துக்கும் கழிவுநீர் நிலையத்துக்கும் வண்டி போக முடியாமல் ஊர் திண்டாடியது. 'ஆற்றுக்கு அந்தப் பக்கம் நிறைய இடம் இருக்கே' என்று வரைபடத்தில் விரல் வைப்பது சுலபம்.

காற்றும் பனியும் மனையின் வடிவத்தையே மாற்றும். வீசுகிற காற்றின் போக்கிலேயே தெரு போனால் பனியைக் காற்றே அடித்துக்கொண்டு போய்விடும். குறுக்கே போட்டால் ஒவ்வொரு வீட்டின் பின்னாலும் பனி குவிந்து அடுத்த வரிசையின் வாசலை மூடும். அதனால் வீடுகளுக்கிடையே இடைவெளி விட வேண்டும். தீப்பிடித்தால் பரவாமல் இருக்கவும் அந்த இடைவெளி வேண்டும். வடக்கின் உறைநிலத்துக்கும் பனிக்கும் ஊர் வடிகாலுக்கும் கனடா தனித்தனித் தரநிலைகளே வகுத்திருக்கிறது. படிக்க நன்றாக இருக்கின்றன. அமல்படுத்த ஊருக்குள் ஓர் எஞ்சினியராவது வேண்டும், பல ஊர்களில் இல்லை.

தண்ணீர் விஷயத்தை மறந்துவிடக்கூடாது. இக்காலுயிட், ராங்கின் இன்லெட், ரெசல்யூட் தவிர மற்ற ஊர்களில் தெருக்குழாய் கிடையாது, எல்லாம் லாரிதான். புதுத் தெரு ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போனால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு லாரியும் அந்தத் தூரத்தைக் கூடுதலாக ஓடும், புயலிலும். குழாய் இருக்கும் இக்காலுயிட்டிலோ ஜெரால்டின் ஏரியில் தண்ணீரே போதவில்லை. புதிய நீர்த்தேக்கத்துக்காக 2022இல் மத்திய அரசு 21.4 கோடி டாலர் அறிவித்தது. அது முடியாமல் அங்கே எத்தனை மனை போட்டாலும் பயனில்லை. மின்சாரமும் அப்படித்தான். 25 ஊருக்கும் 25 தனித்தனி டீசல் நிலையம், ஒன்றுக்கொன்று கம்பித் தொடர்பு கிடையாது.

அடுத்து, 'சொந்தமாக விற்றால் மார்க்கெட் பார்த்துக்கொள்ளும்' என்று சொல்பவர்களுக்கு. இனுயிட் மக்களும் கனடா அரசும் செய்துகொண்ட 1993 நுனாவுட் உடன்படிக்கையின்படி ஊருக்குள் இருக்கும் நிலம் ஊராட்சிக்குரியது. ஊர்மக்கள் வாக்கெடுப்பில் ஒப்புக்கொண்டால்தான் அதை விற்க முடியும். 1995இல் கேட்டார்கள், 'வேண்டாம்' என்றார்கள். 2016இல் மறுபடி கேட்டார்கள், மறுபடியும் 'வேண்டாம்'. ஆகவே அங்கே பத்திரம் கிடையாது, நீண்டகாலக் குத்தகைதான். மனை போட்ட செலவைக் கட்டிவிட்டால் பிறகு வருடத்துக்குப் பெயரளவுக்கு ஒரு தொகை. குத்தகைக் காலம் கடன் காலத்தைவிட நீளமாக இருந்தால் வங்கியும் கடன் கொடுக்கும். கிரீன்லாந்திலும் யாருக்கும் நிலம் சொந்தமில்லை, பயன்படுத்தும் உரிமை மட்டும்தான் கொடுக்கிறார்கள். ஆனாலும் தலைநகர் நூக்கில் புதுப் பேட்டைகள் எழும்பியபடி இருக்கின்றன. வாக்கெடுப்பில் மக்கள் பயந்ததும் நியாயம்தான்: தெற்கிலிருந்து பணத்தோடு வருபவர் நல்ல மனைகளை எல்லாம் வளைத்துப் போட்டால் ஊர்க்காரனுக்கு என்ன மிஞ்சும்? என்னைப் பொறுத்தவரை உரிமை முறையை நோண்டுவது வீண்வேலை. பட்டா கொடுத்துவிட்டால் அடியில் இருக்கும் பனிக்கட்டி பாறை ஆகிவிடாது. குத்தகை முறையில் சரி செய்ய வேண்டியது சர்வே. சர்வேயர் கோடையில் பறந்து வர வேண்டும், அதுவரை குத்தகைப் பத்திரம் பதிவாகாது.

இனி, காலம். 2022 அக்டோபரில் நுனாவுட் அரசு 'நுனாவுட் 3000' என்ற திட்டத்தை அறிவித்தது. 2030க்குள் 3,000 வீடுகள்: 1,400 அரசு வாடகை வீடு, 900 கட்டுப்படியாகும் வீடு, 400 சந்தை விலை வீடு, 300 இடைக்காலத் தங்குமிடம். நல்ல திட்டம். ஆனால் எதுவுமே இல்லாத ஒரு சரிவில் முதல் வீட்டுக்குச் சாவி கொடுக்க எவ்வளவு காலம் ஆகும் என்று கணக்குப் போடுங்கள். முதல் கோடையில் துளையிட்டு மண் பார்க்க வேண்டும். அந்தக் குளிர்காலத்தில் வரைபடம், ஊர்மன்றக் கூட்டம், ஊர்த் திட்ட விதியில் திருத்தம், அமைச்சர் ஒப்புதல். அடுத்த கோடைக் கப்பலில் கிரஷரும் லாரிகளும் வரும், வந்து சேரும்போது செப்டம்பர் ஆகியிருக்கும். மூன்றாம் வருடம் ஜல்லி உடைத்து ரோடும் மேடையும். நான்காம் வருடம் ஆறிய மேடையில் சர்வே, தூண். வீட்டுச் சாமான்கள் அதே கோடைக் கப்பலில் வந்தால் ஐந்தாம் வருடம் குடியேறலாம். எங்கேயும் ஒரு தவறும் நடக்காமல் இருந்தால். எட்டு வருடத் திட்டத்தில் இதற்கு ஐந்து வருடம்!

இந்த ஐந்தில் முதல் மூன்று வருட வேலைக்குப் பணம் கொடுக்க யாருக்கும் ஆர்வம் இருப்பதில்லை. ஊராட்சிக்கு வருமானம் குறைவு. குத்தகையில் திரும்பி வரும் என்று நம்பி முன்கூட்டி மனை போட்டு வைத்தால், வீட்டுப் பணம் வராத வருடத்தில் அது சும்மா கிடக்கும். மனை இல்லாத ஊருக்கு வீட்டுப் பணம் ஒதுக்கினால் அதைச் செலவழிக்க முடியாது, பணம் மனை தயாராக இருக்கும் வேறு ஊருக்குப் போய்விடும். நெரிசல் அதிகமுள்ள ஊர் அப்படியே நிற்கும். மனைக்கென்று தனி நிதி, ஒவ்வோர் ஊரிலும் ஐந்து வருடத் தேவைக்கு மனை கையிருப்பு, இரண்டு மூன்று ஊர்களுக்குப் பொதுவாக ஒரு செட் எந்திரம், எந்திரம் ஊரில் இருக்கும்போதே அடுத்த தெருவுக்கும் சேர்த்து ஜல்லி உடைத்துக் குவித்து வைப்பது. இவ்வளவுதான் மருந்து. புதிய கண்டுபிடிப்பு எதுவும் வேண்டாம்.

குறுக்குவழி ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஊருக்கு நடுவே 1960களின் சின்னஞ்சிறு வீடுகள் இருந்த மனைகளில், பழையதை இடித்துவிட்டு நான்கு அல்லது ஆறு குடும்பம் இருக்கும் கட்டடம் எழுப்புவது. ரோடு இருக்கிறது, கம்பம் இருக்கிறது, லாரி ஏற்கெனவே வருகிறது. நிச்சயம் முதலில் செய்ய வேண்டியது இதுதான். ஆனால் ஓர் இனுயிட் வீட்டு வாசலைப் பாருங்கள்: ஒரு படகு, இரண்டு ஸ்னோமொபைல் (ஒன்று ஓடும், ஒன்று உதிரிப்பாகத்துக்கு), கமுட்டிக் எனும் நீளமான மரச் சறுக்குவண்டி, உலரப் போட்ட தோல், கோடையில் மீன் காயவைக்கும் கம்பிச் சட்டம். வேட்டைதான் பல வீடுகளுக்குச் சாப்பாடு. ஆறு குடும்பத்தை ஒரே மனையில் அடுக்கினால் இத்தனை படகும் வண்டியும் எங்கே போகும்? தெற்கத்திய வரைபடக்காரர்கள் இரண்டு கார் நிறுத்தம் வரைந்து முடித்துவிடுகிறார்கள்.

கடைசியாக, ஆயத்த வீடுகள். கேள்வியின் இந்தப் பாதி நல்ல பாதி. தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்தால் ஊரில் கட்டும் காலம் உண்மையிலேயே குறையும். குளிரில் தச்சர்களை மாதக்கணக்கில் தங்கவைக்கும் செலவும் குறையும். ஆனால் பெட்டி பெட்டியாக வரும் வீட்டைக் கரையிலிருந்து தூக்கிப் போக அகலமான ரோடு வேண்டும், வளைவில் திரும்ப இடம் வேண்டும், கிரேன் நிற்க இறுகிய மேடை வேண்டும், கப்பல் வரும் வாரத்தில் தூண்கள் எல்லாம் மட்டம் பார்த்துத் தயாராக நிற்க வேண்டும். பலகை பலகையாகக் கட்டும் வீட்டுக்காவது மேடை ஒரு மாதம் தாமதமானால் பரவாயில்லை. ஆயத்த வீடு அந்த ஒரு மாதத்தைப் பொறுக்காது. மேடை தயாராக இல்லாவிட்டால் பெட்டிகளைப் பிளாஸ்டிக் சுற்றிக் கரையோரமாக அடுத்த கோடைவரை போட்டு வைக்க வேண்டியதுதான்.